வரிசை முடியும்வரை

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய பிறகும் பிரமிளா கம்பளி நூலைக் கீழே வைக்கவில்லை. சமையலும் துணியும் முடிந்த மதியங்களில்தான் அவளுக்கென்று கொஞ்சம் நேரம் கிடைத்தது. நடுவில் பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும் என்பதால், ஒரு வரிசையைப் பின்னி முடிக்கும்வரை கூப்பிடக் கூடாதென்று மகள் அகல்யாவிடம் சொல்லிவைத்திருந்தாள்.

அன்று பரீட்சை எழுதிவிட்டு வந்த அகல்யா நேராக அடுப்படிக்குப் போனாள். சற்றுக் கழித்து வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். பிரமிளா நிமிரவில்லை. வரிசை முடிந்து ஊசியை மாற்றிப் பிடித்தபோதுதான் அந்த ஏழு வயதுக் குரல் கேட்டது.

"இப்பப் பேசலாமாம்மா?"

நீட்டிய உள்ளங்கை முழுவதும் வெந்து கொப்பளித்திருந்தது. தானே தோசை வார்க்க முக்காலியில் ஏறியவள், தடுமாறிச் சூடான கல்லில் கையை ஊன்றியிருக்கிறாள். கன்னத்தில் வழிந்த கண்ணீர் காய்ந்தே போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது பிரமிளாவுக்கு நினைவில்லை. கட்டுப் போட்டு முடிக்கையில் கணவன் ரவீந்திரன் வேலையிலிருந்து ஓடிவந்தான்.

"சுட்டதும் அம்மாவக் கூப்பிட வேண்டியதுதானேடா?"

உண்மையைச் சொல்ல பிரமிளா வாயெடுத்தாள். அகல்யா முந்திக்கொண்டாள்.

"அம்மா மாடியில துணி எடுக்கப் போயிருந்தாங்கப்பா. நான் கூப்பிட்டது கேக்கல."

குரலில் ஒரு பிசிறும் இல்லை. பிரமிளா மகளைத் திரும்பிப் பார்த்தாள். இப்படிப் பொய் சொல்ல இவள் எப்போது கற்றுக்கொண்டாள்?

"அப்படியா?" என்று ரவீந்திரன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து அகல்யாவும் அவளையே பார்த்தாள்.

பிரமிளா தலையாட்டினாள்.