பட்டுச்சேலையில் காபி

"ஐயையோ, பட்டுச்சேலைடீ!" என்று அலறினாள் அம்மா.

தாரணியின் கையிலிருந்த தட்டு சாய்ந்து, பெண் பார்க்க வந்திருந்த இசக்கியம்மாளின் மயில்கழுத்து நிற முந்தானையில் காபி வழிந்துகொண்டிருந்தது. டபரா நழுவித் தாரணியின் கால் விரலில் விழுந்து உருண்டது.

இசக்கியம்மாள் சேலையைப் பார்க்கவில்லை. "டபரா கால்ல விழுந்துச்சே பிள்ளே, வலிக்குதா?" என்றாள்.

"அவ காலுக்கு என்ன வந்தது! தட்டைப் பாத்துப் பிடிடீன்னு காலையிலேருந்து படிச்சுப் படிச்சு சொன்னேன். நல்லவேளை, காபியாவது ஆறிப்போயிருந்தது" என்றாள் அம்மா.

"விடுங்க மதினி. வேணும்னா கொட்டினா?"

ஆனால் இசக்கியம்மாளின் கணவர் சுயம்புலிங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது. தி.நகரில் பட்டுக்கடை வைத்திருப்பவர். "எங்க கடைச் சரக்கு. அசல் பட்டு. பால் காபி பட்டா அவ்வளவுதான்" என்றார், நெருங்கிய சொந்தத்தில் துக்கம் நேர்ந்ததுபோல. மகன் வெங்கடேஷ் கைக்குட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டுவதா, தாரணியிடம் நீட்டுவதா என்று தெரியாமல் நடுவில் நின்றான்.

"உள்ள வாங்க அத்தை. உடனே அலசிட்டா போயிடும்" என்றாள் தாரணி.

"தண்ணியா! பட்டுல தண்ணி படலாமா?" சுயம்புலிங்கம் எழுந்தே விட்டார்.

"நான் அடையாறுல சாயங்கால வகுப்புக்குப் போறேன் மாமா. துணி பராமரிப்புதான் பாடம்…" பாதியிலேயே அவள் குரல் தேய்ந்தது.

"அங்க தட்டைப் பிடிக்கச் சொல்லித்தரலையாக்கும்" என்றாள் அம்மா.

ராஜா அண்ணாமலைபுரத்தின் அந்தச் சின்ன ஃப்ளாட்டில், குளியலறைக்குள் இரண்டு பேர் நிற்பதே சிரமம். வெங்கடேஷைத் தாரணிக்குப் பிடித்திருந்தது. போனில் பேசிய வரையில் நல்லவன், சிரிக்கவும் வைத்தான். ஆனால் கல்யாணமானால் ஒரே வீட்டில் நாளெல்லாம் இருக்கப்போவது இவனுடைய அம்மாவோடு. பெரியப்பா மகள் லாவண்யா ஆடியில் ஊறுகாய் ஜாடியை உடைத்துவிட்டாள் என்று அவள் மாமியார் தை பிறக்கும்வரை பேசவில்லை. அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து தாரணிக்கு மாமியார் என்றாலே பயம். இப்போது ஊறுகாய் ஜாடி இல்லை, மயில்கழுத்துச் சேலை.

வகுப்பில் சொல்லித்தந்த வரிசை மாறாமல் செய்தாள். முதலில் வெள்ளைத் துணியால் காபியை ஒற்றி எடுத்தாள். பிறகு பச்சைத் தண்ணீர், துளி ஷாம்பு. தேய்க்கவில்லை, முறுக்கவில்லை.

தண்ணீர் ஊறவே இல்லை. முத்து முத்தாக உருண்டு ஓடியது. கறையும் அதோடு போய்விட்டது. இரண்டு உதறு உதறினாள். முந்தானை கிட்டத்தட்டக் காய்ந்தே விட்டது.

"போயிடுச்சு அத்தை."

இசக்கியம்மாள் முந்தானையைப் பார்த்தாள். தாரணியைப் பார்த்தாள். மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

"கண்டுபிடிச்சிட்டே, என்ன?"

"எதை அத்தை?"

"நடிக்காதட்டி. துணி படிக்கிற பிள்ளைக்கு இது பாலியஸ்டர்னு தெரியாமலா இருக்கும்?"

தாரணி முந்தானை ஓரத்து நூலைத் தொட்டாள். "நூலை எரிச்சுப் பாக்காம உறுதியாச் சொல்லக் கூடாதுன்னு எங்க மிஸ் சொல்லுவாங்க. முடி பொசுங்குற வாசம் வந்தா பட்டு. உருகி உருண்டையாச்சுன்னா…"

"எரிக்கதுக்கு என் முந்தானையவே கேக்கியா?" இசக்கியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கடையில குடுத்த பட்டு பீரோவுல பத்திரமா இருக்கு. அதே நிறத்துல மயிலாப்பூர்ல தேடிப் பிடிச்சு இதை வாங்கினேன். பட்டுன்னா காத்தாட விடணும், மடிப்பு மாத்தணும், தொட்டதுக்கெல்லாம் டிரை வாஷ். இதை மெஷின்ல போட்டா ஒரு பொழுதுல காஞ்சிரும், இஸ்திரியும் கேக்காது. வேர்த்தாத்தான் கசகசங்கும். அதுக்குத்தான் உங்க வீட்டு ஏசிக்குக் கீழ போயி உக்காந்தேன்."

"மாமாவுக்குத் தெரியாதா?"

"நாள் பூரா கடையில பட்டைத் தடவுற மனுசன். பொண்டாட்டி சேலையைத் தொட்டுப் பாக்க அவருக்கு எங்க நேரம்?"

கூடத்திலிருந்து சுயம்புலிங்கத்தின் குரல் வந்தது. "இசக்கி! கறை போச்சா?"

"சுத்தமாப் போயிருச்சு! நம்ம கடைப் பட்டுல்லா!"

"அதானே! சரக்கு அப்படி!"

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து, சத்தம் வெளியே போகாமல் சிரித்தார்கள். தாரணிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"ஆமா, எப்பட்டி கண்டுபிடிச்சே?" என்றாள் இசக்கியம்மாள், மூச்சு வாங்கியபடி. "தண்ணி உருண்டு ஓடுச்சே, அப்பவா?"

தாரணி தயங்கினாள்.

"இல்லை அத்தை. நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டும்போது. மயில்கழுத்துப் பட்டுன்னா பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும். இது எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி மின்னிச்சு. இருந்தாலும் சந்தேகமாவே இருந்தது. குடிக்கத் தண்ணி கொண்டுவந்தப்ப முந்தானையைத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்."

இசக்கியம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றது. "தண்ணி குடுத்தது காபிக்கு முன்னாலல்லா?"

"ஆமாம் அத்தை. அதுக்கப்புறம்தான் காபியை நல்லா ஆத்தி எடுத்துட்டு வந்தேன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள் தாரணி. "மாமியாருக்குக் கோவம் வந்தா எப்படி இருப்பாங்கன்னு கல்யாணத்துக்கு முன்னாடி பாக்க எனக்கு வேற வழி தெரியலை… எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு அத்தை!"