கூடவே இருப்பவர்

“கடைசியா எப்பங்க நிம்மதியாத் தூங்குனீங்க?”

டாக்டர் அமிர்தசாமி இப்படிக் கேட்டதும் வக்கீல் சென்னியப்பன் மின்விசிறியைப் பார்த்தார். பதில் பக்கத்து ஸ்டூலில் இருந்து வந்தது.

“போன மாசம் பன்னெண்டாந் தேதிங்க. நாலு மணி நேரம். அதுக்கப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு முன்னால லைட்டு அணைஞ்சதே இல்லீங்க.”

சொன்னவர் பெயர் தங்கமுத்து. கலெக்டர் ஆபீஸ் படியில் மயங்கிச் சரிந்த வக்கீலை ஓடிவந்து தாங்கிப் பிடித்து, இந்த அஸ்தம்பட்டி கிளினிக்குக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்.

“சாப்பாடு?”

தங்கமுத்து சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் புரட்டினார். “நேத்துக் காலைல ரெண்டு இட்லிங்க. அதுலயும் ஒண்ணைக் காக்காய்க்குப் போட்டுட்டாரு. மத்தபடி பதினோரு டீ.”

டாக்டர் அசந்துபோனார். அவரோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்திய மனைவிக்கே அவர் எத்தனை டீ குடிக்கிறார் என்று தெரியாது.

“இவர் உங்களுக்கு என்ன உறவுங்க?”

“ஆறு மாசமாக் கூடவே இருக்கறாருங்க” என்றார் சென்னியப்பன்.

“சரி, மனசுல என்ன பாரம்? சொல்லுங்க.”

எமர்ஜென்சியில் ஒரு வருஷம் ஜெயிலில் இருந்தபோதுகூடக் கலங்காதவர் சென்னியப்பன். இப்போது அவர் குரல் உடைந்தது.

“லாக்கப்புல செத்துப்போன பையனோட கேஸை எடுத்திருக்கறனுங்க. அவங்கம்மா மயிலம்மாள் தெனமும் எங்கூட்டுக்கு வந்து அழுகுதுங்க. அது போனப்புறமும் அந்தச் சத்தம் காதை உட்டுப் போக மாட்டேங்குது. கண்ணை மூடவே பயமா இருக்குதுங்க.”

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இப்படியே போனா கேஸ் முடியறதுக்குள்ள நீங்க படுத்துருவீங்க. உங்க மனித உரிமைச் சங்கத்துல எத்தனை பேரு?”

“நாப்பத்திரண்டு பேருங்க.”

“அதுல ஒருத்தராவது தூங்குனீங்களான்னு கேட்டாங்களா?”

“மனு ரெடியான்னு கேப்பாங்க. போன வாரங்கூட, தொழிலாளிகளோட ஓய்வு உரிமை பத்திக் கூட்டம் போட்டோமுங்க. முடியறப்போ ராத்திரி மணி மூணு.”

டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பேசாம சங்கத்தைக் கலைச்சுட்டு இந்த மனுஷனைத் தலைவராப் போடுங்க. இவருக்குத்தான் உங்க உசுரு மேல அக்கறை இருக்கு.”

தங்கமுத்து கூச்சத்தில் நெளிந்தார்.

“பத்து நாள் ஏற்காட்டுல போய் இருங்க. மனு, கூட்டம், பேப்பர் எதுவும் கூடாது. அந்தம்மாவை அதுவரைக்கும் வேற வக்கீல் பாத்துக்கட்டும். இவரையும் கூட்டிட்டுப் போங்க.”

சென்னியப்பனுக்கு மயிலம்மாளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. ஆனால் நாற்காலியிலிருந்து எழவே தங்கமுத்துவின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில், “இவரு வந்தாப் போறனுங்க” என்றார்.

டாக்டர் நிம்மதியாகச் சிரித்தார். தங்கமுத்துவின் கண்கள்தான் கலங்கிவிட்டன.

“நான் போக முடியாதுங்களே, டாக்டர். ஏற்காடு எங்க ஸ்டேஷன் எல்லையில வராதுங்க. அங்க இவரை வேவு பாக்க வேற கான்ஸ்டபிளைப் போட்டுருவாங்க. அவன் இவரு சாப்பிட்டாரா, தூங்குனாரான்னு கவனிப்பானுங்களா?”