மவுண்ட் ஆகாத கோப்பு

“வேற யாரும் வேண்டாம். சத்தியநேசனைத்தான் அனுப்பணும்.”

போனில் வந்த குரலை முதலாளி நம்பவில்லை. “சத்தியநேசன்தானா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் ரிசீவரை வைத்தார்.

சத்தியநேசனுக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்கு வந்த எட்டு மாதத்தில் ஒருவர் அவனைப் பெயர் சொல்லிக் கேட்பது இதுவே முதல் தடவை. அதுவும் பழவங்காடி கோமதிநாயகம்! போன மாதம் அவருடைய கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்டரைச் சரிசெய்யப் போனவன், பிரிண்டரோடு சேர்த்து ஃபேனையும் நிறுத்திவிட்டு வந்திருந்தான். அப்படியும் கேட்கிறார் என்றால், மனுஷன் தன் உழைப்பைப் பார்த்திருக்கிறார்.

“இதையும் சொதப்பினா நேரே விழிஞ்ஞம் போயிரு. உன் மச்சான் ஐஸ் ஃபேக்டரியில ஐஸ் உடைக்கலாம், கேட்டியா?” என்று முதலாளி வழியனுப்பினார்.

போகிற வழியில் கர்த்தரை வேண்டிக்கொண்டான். எதற்கும் இருக்கட்டும் என்று பழவங்காடி கணபதிக்கும் ஒரு தேங்காய் உடைத்தான்.

ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் சென்டர். கோமதிநாயகம் படி வரைக்கும் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். உள்ளே லீலாபாய் மேடம் உட்கார்ந்திருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் சென்டருக்கு அடுத்த வருஷ அங்கீகாரம்.

“நூத்திருபது ஸ்டூடண்ட்ஸோட அட்மிஷன் ரெக்கார்டு எனக்குக் காணணும். காலையிலேருந்து திறக்க மாட்டேங்குது. இன்ஜினீயர் வந்து பாக்காம நான் போறதா இல்ல, கேட்டோ,” என்றார் லீலாபாய்.

விஷயம் இதுதான். ரெக்கார்டு இருந்த சிடியை அப்படியே ஒரே கோப்பாக்கி, டிஸ்க் இமேஜ் என்று சர்வரில் வைத்திருந்தார்கள். லேபிலிருந்த கம்ப்யூட்டரில் அது ‘இசட்’ என்ற நெட்வொர்க் டிரைவில் தெரியும். நிஜ சிடியையே போட்டதாகக் கம்ப்யூட்டரை நம்பவைத்து அதைத் திறப்பதற்கு மவுண்ட் என்று பெயர். கம்ப்யூட்டர் நம்ப மறுத்தது.

“அவசரமே இல்ல தம்பி. சாவகாசமாப் பாருங்க,” என்றார் கோமதிநாயகம். பியூன் பிச்சைக்கனி சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தான்.

சத்தியநேசன் கேபிளைப் பிடுங்கிச் சொருகினான். ரீஸ்டார்ட் செய்தான். பாஸ்வேர்டை மாற்றினான். அரை மணிக்கு ஒரு தடவை ‘மவுண்ட் செய்ய முடியவில்லை’ என்று திரை சொன்னது. ஒவ்வொரு தடவையும் கோமதிநாயகம் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“முடியலேன்னா முடியலேன்னு மேடத்துகிட்ட சொல்லிருங்க தம்பி. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

சத்தியநேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை போன இடத்தில் எல்லாம் திட்டுத்தான் வாங்கியிருக்கிறான். இந்தத் தங்கமான மனுஷனுக்காகவாவது இன்றைக்கு ஜெயித்தே தீரவேண்டும்.

நான்காவது பழம்பொரியில் மூளை வேலை செய்தது. கோப்பில் கோளாறே இல்லை. மவுண்ட் செய்கிற சாஃப்ட்வேருக்கு நெட்வொர்க் டிரைவ் கண்ணுக்கே தெரியவில்லை. கோப்பை இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே காப்பி பண்ணிவிட்டால்?

“வேண்டாம் தம்பி, சர்வர் பழசு. என்னமாவது ஆயிரும்,” என்று கோமதிநாயகம் பதறினார்.

“சார், நான் இருக்கும்போது நீங்க எதுக்கு பேடிக்கிறீங்க? பயமே வேண்டாம்.”

இருபது நிமிஷம் காப்பி ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு மவுண்டை அழுத்தினான். திரையில் ஒரு புது சிடி முளைத்தது. லீலாபாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மவுஸைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

வரிசை வரிசையாக மாணவர்களின் புகைப்படங்கள். முதல் எண், அனில்குமார். படிய வாரிய தலையோடு பிச்சைக்கனி. ஒன்பதாம் எண், தாமஸ். கறுப்புக் கண்ணாடியோடு பிச்சைக்கனி. இருபத்துமூன்றில் ஒட்டுமீசை. நாற்பத்தொன்றில் சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு ரோஸம்மாவாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். நடுநடுவே வாட்ச்மேனும் வந்து போனார்.

லீலாபாய் மெதுவாகத் திரும்பினார். சாயாத் தட்டோடு நின்ற பிச்சைக்கனி, படம் எடுத்த பழக்கத்தில் அவரைப் பார்த்து அழகாகச் சிரித்தான்.

சத்தியநேசன் திரையைப் பார்க்கவே இல்லை. எட்டு மாதத்தில் முதல் வெற்றி. பாராட்டை எதிர்பார்த்துக் கோமதிநாயகத்தின் முகத்தையே பார்த்தான்.

“சார், திறந்துட்டேன் சார்!”

கோமதிநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“வேலை தெரிஞ்சவன் ஊருல பத்துப் பேரு இருக்கும்போது, ஒன்னய நம்பித்தானடே கூப்பிட்டேன்!”