முன் அனுபவம்

காட்டுப் பல்கலைக்கழகத்தில் அணில் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கட்ட டெண்டர் விட்டார்கள். மழை வருவதற்குள் கட்டி முடிக்காவிட்டால் பிள்ளைகள் நனைந்து நடுங்க வேண்டியதுதான். குளவிக்கு அந்த வேலை எப்படியும் வேண்டும். மண் குழைத்துச் சுவர் எழுப்புவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாதிரிக்கு ஒரு வீடே கட்டிக் கொண்டுபோய்ப் பதிவாளர் ஆந்தையின் முன்னால் வைத்தாள்.

ஆந்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வீடு கிடக்கட்டும்மா. நம்ம கட்டடத்திலே ஏற்கெனவே வேலை பார்த்த அனுபவம் இருக்கா? ரூல்ஸ் அப்படி."

"உள்ளேயே விடலேன்னா அனுபவம் எங்கேர்ந்து சார் வரும்?"

"அது உன் கவலை."

ஒப்பந்தம் கரையானுக்குப் போனது. நூலக அலமாரியிலிருந்து விழா மண்டபத்து மேடைவரை அவன் வாய் வைக்காத இடமில்லை. அத்தனையும் அனுபவக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆந்தையின் அறையிலேயே கரையானைப் பார்த்ததும் குளவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்டா, மேகம் கறுத்துக்கிட்டு வருது. வேலையை எப்போ ஆரம்பிக்கப் போறே?"

"காலையிலேயே ஆரம்பிச்சாச்சே அக்கா," என்றான் கரையான், வாயைத் துடைத்துக்கொண்டு. "கதவு முடிஞ்சது. இப்போ சாரோட நாற்காலி."

"பார்த்தியா வேகத்தை? இதுக்குத்தான் அனுபவம் வேணுங்கறது!" என்று பெருமையாகப் பின்னால் சாய்ந்தார் ஆந்தை.