கவலைக்குக் கூலி

கப்பலேறிய பனியன் மொத்தமும் திரும்பி வருகிறது என்று போன் வந்தபோது சரோஜினி காபியை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தையல்காரர்களுக்குச் சம்பளம் போட வழியில்லை. அதனாலென்ன? காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வில்லை அவள் கவலையையெல்லாம் உறிஞ்சி, கூலிக்குச் சுமக்கும் யாருக்கோ அனுப்பிவிடும். யாருக்கு என்று வில்லைக் கம்பெனி சொல்லாது.

மதியம் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். காலேஜுக்குப் போயிருக்க வேண்டிய மகள் மேகலா சுவரோரம் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் காதுக்குப் பின்னாலும் ஒரு வில்லை.

"திட்டாதம்மா. என் செலவுக்கு நானே சம்பாதிக்கலாமேன்னுதான் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். எல்லாரும் உன்னாட்டம் ஜோரா தொழில் பண்றாங்களா? இது யாரோ பாவப்பட்ட முதலாளியம்மா. போன சரக்கு திரும்பி வருதாம். சனிக்கிழமை சம்பளத்துக்குக் காசில்லையாம்."

சரோஜினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய் மகளை அள்ளி அணைத்தாள். பதறிய நெஞ்சு அடுத்த நொடியே குளிர்ந்து அடங்கிவிட்டது.

மேகலா அவள் மடியில் துடித்தாள்.

"ஐயோ, புதுசா ஒண்ணு வருதும்மா! அந்தப் பொம்பளைக்கு ஒரு பொண்ணு இருக்காம்மா. அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு!"