விழத் தெரிந்தவள்

தியேட்டர் சிரித்த சிரிப்பில் அந்த வசனம் போய்விட்டது.

அவள் சீட்டின் நுனிக்கு வந்தாள். திரையில் அவன் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. எதிரே, பழைய சேலை ஒன்று சுற்றிய பஞ்சிங் பேக், குத்துப் பழகும் மூட்டை, தொங்கியது. வீட்டை விட்டுப் போன மனைவியிடம் மன்னிப்புக் கேட்க, கராத்தே மாஸ்டர் அதன் முன்னால் ஒத்திகை பார்க்கிறார். அதுதான் காமெடி.

கும்பிட்டுக்கொண்டு ஏதோ சொன்னான். காதில் விழவில்லை.

முன்வரிசையில் கல்லூரிப் பையன்கள் விசிலடித்தார்கள். இலவச டிக்கெட்டில் வந்தவர்கள். சிரிப்பில் மட்டும் குறை வைக்கவில்லை.

பட்ஜெட்டே இல்லாத படம். நடிகர் யாரையும் போட வசதியில்லாமல், பழைய மாணவன் ஒருவன் தன் மாஸ்டரையே மாஸ்டராக நடிக்க வைத்து எடுத்திருந்தான். மாஸ்டருக்கு நடிக்க வரவில்லை. அதையும் காமெடிக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

காலையில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுச் சுவர் போஸ்டரில் அந்த முகத்தைப் பார்த்துத்தான் வந்தாள். தொப்பை போட்டிருந்தது. தலைக்குச் சாயம். பெல்ட் மட்டும் அதே கறுப்பு.

அவளுடைய புருஷன். பார்த்துப் பத்து வருடமாகிறது.

இடைவேளைக்கு முன்பே அவள் கதை வந்து போயிருந்தது.

பள்ளி ஆண்டு விழா. மேடை. ரப்பர் கத்தியோடு மனைவி ஓடி வருகிறாள். மாஸ்டர் அவளைத் தூக்கிப் போட வேண்டும். கால் வழுக்கி அவள் மேலேயே விழுகிறார். எழுந்து, மைக்கை வாங்கி, பெற்றோர்களைப் பார்த்து, இவளுக்கு விழத் தெரியவில்லை என்கிறார்.

தியேட்டர் குலுங்கியது.

அன்றைக்கும் பந்தல் இப்படித்தான் குலுங்கியது.

அவளுக்கு விழத் தெரியும். கற்றுக்கொடுத்ததே அவன்தான். கல்யாணமான புதிதில், மொட்டைமாடியில் மெத்தையை விரித்துப் போட்டு. தாடையை நெஞ்சோடு ஒட்டு. முதுகைச் சுருட்டு. எப்படி விழுந்தாலும் கையை மட்டும் ஊன்றாதே, ஊன்றினால் உடையும்.

மேடையில் அவள் ஒன்றையும் மறக்கவில்லை. சரியாகத்தான் விழுந்தாள். மேலே விழுந்தவன் முழங்கால் அவள் கையில் இறங்கியதற்கு அவள் என்ன செய்வாள்.

எலும்பு கூடிவிட்டது. மைக்கில் சொன்னது ஆறவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவன் தேடி வந்தான். அவள் உள்ளறையில் இருந்துகொண்டே, இல்லை என்று சொல்லச் சொன்னாள். வாசலில் அவன் செருப்பை மாட்டும் சத்தம் கேட்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

என்ன சொல்ல வந்தான் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. இப்போது நினைத்தால் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

படம் முடிந்ததும் கவுன்டருக்குப் போய் மாலைக் காட்சிக்கு ஒரு டிக்கெட் கேட்டாள்.

கவுன்டர்க்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்தப் படத்துக்கு இரண்டாம் தரம் வந்த ஆளை அவர் எதிர்பார்க்கவில்லை. நாலு பேராவது இல்லாமல் ஷோ ஓட்ட மாட்டோம் என்றார். நாளைக்குப் படத்தையே தூக்கிவிடுகிறார்களாம்.

நாலு கொடுங்கள் என்றாள்.

மற்ற மூன்று பேர் எங்கே என்றார்.

வருவார்கள் என்றாள்.

யாரும் வரவில்லை.

அதே சீட்டில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் ஃபேன் மட்டும் கடகடத்தது.

சிரிக்க ஆளில்லாதபோது அது வேறு படமாக இருந்தது. ஆண்டு விழா வந்தது. கால் வழுக்கியது. எழுந்து மைக்கை வாங்கியவனின் கை நடுங்குவதை அப்போதுதான் பார்த்தாள். நடிக்கத் தெரியாத ஆள். அன்றைக்கும் நடுங்கியிருக்கும். அவள் தரையில் கிடந்தாள், பார்க்கவில்லை.

பிறகு அந்தப் பஞ்சிங் பேக்.

அவன் சேலையின் மடிப்பைச் சரிசெய்தான். கும்பிட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டான். படம் முழுக்க அந்த மனைவிக்குப் பெயர் ப்ரியா.

"நீ சரியாத்தான் விழுந்த, கோமதி. கால் வழுக்குனது எனக்குத்தான்."

டைரக்டர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கவனித்திருந்தாலும் இன்னொரு டேக் எடுக்கக் காசு இருந்திருக்காது.

கோமதிக்குக் கண்ணீர் திரையை மறைத்தது. தன் பெயரை அந்தக் குரலில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

காட்சி முடியவில்லை. பையன்கள் உருண்டு புரண்டு சிரித்த இடம் அடுத்துத்தான்.

அவன் சேலையில் நெற்றியைச் சாய்த்தான். பேக் விலகிக்கொண்டது. அவன் முன்னால் சரிந்தான், இரண்டு கைகளையும் தரைக்கு நீட்டிக்கொண்டு.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"கைய ஊனாதீங்க."