இருப்பிடம் தெரிந்தவர்

கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் முடிந்தன. மிச்சம் ஒன்றே ஒன்று.

வாசலில் ஆட்டோ நிற்கிறது. டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டான். நல்லா அடிக்கட்டும். அவளை ஓர் ஆட்டோக்காரன் விரட்டிவிட முடியுமா?

தூத்துக்குடியில் முந்நூறு பெண்கள். வருஷத்துக்கு ஒரு முறை, அதே பெண்களிடம் அதே கேள்விகள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் வேலை கிடைத்தது, உடம்புக்கு என்ன. பதினாறு வருஷமாக நடக்கிற ஆய்வு அது. முந்நூறில் நாற்பது பேர் அவள் பொறுப்பு.

மற்ற ஊழியர்களின் பட்டியலில் பாதிப் பேரைக் காணோம். வீடு மாறினார்கள், ஊர் மாறினார்கள், கதவைத் திறக்க மாட்டேன் என்றார்கள். இவள் பட்டியலில் மட்டும் நாற்பது நாற்பதாகவே இருந்தது.

சும்மாவா இருந்தது? ஒருத்தியைத் தேடிப் பிரசவ வார்டுக்கே போயிருக்கிறாள். இன்னொருத்தியைக் கல்யாணப் பந்தியில் பிடித்து, பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்குள் எல்லாக் கேள்வியையும் முடித்திருக்கிறாள். எந்த வீட்டில் மாமியார் எப்போது தூங்குவாள் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி.

இப்போது எதிரில் இருக்கிற சந்தனமாரிதான் அவள் பட்டியலில் எழுதிய முதல் பெண்.

உப்பளத்துக்காரி. கேட்டதற்குப் பதில் வரும், ஒரு சொல் கூடுதலாக வராது. அக்கா, அக்கா என்று இவள் பதினாறு வருஷமாகக் கூப்பிட்டும் அந்தப் பக்கமிருந்து மேடம்தான்.

இன்றைக்கு வீட்டைக் காலி செய்கிறாள் சந்தனமாரி. கேரளத்தில் ஏதோ ஓர் இறால் கம்பெனியாம். உரிக்கிற வேலை, அங்கேயே தங்கல். எந்த ஊர் என்று கேட்டால் தெரியாது என்கிறாள். ஏஜென்ட் ரயிலடிக்கு வந்து கூட்டிப் போவானாம். அவன் பெயரும் தெரியவில்லை. செல்போன் போன மாசம் உப்புப் பாத்தித் தண்ணீரில் விழுந்தது, வேறு வாங்கவில்லை.

மூலையில் ஒரு சாக்கு. அதற்குள் டம்ளர்கள். வருஷா வருஷம் ஆய்வு கொடுக்கிற அன்பளிப்பு ஓர் எவர்சில்வர் டம்ளர். பிள்ளை குட்டி இல்லாத ஒற்றை ஆள் பதினாறு டம்ளரை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று யோசிக்க அங்கே யாருக்கு நேரம்?

கடைசிக் கேள்வியை வாசித்தாள்.

நீங்கள் எங்கே போனாலும் உங்கள் இருப்பிடம் தெரிந்த மூன்று பேர். பெயர், முகவரி, உறவு.

மூன்று இல்லாவிட்டாலும் ஒன்றாவது வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் சந்தனமாரியின் கோப்பை மூடிவிடுவார்கள். பதினாறு வருஷமும் போச்சு. நாற்பது முப்பத்தொன்பதாகிவிடும்.

போன வருஷத்துப் பெயர்கள் தாளில் இருந்தன.

"வீட்டுக்காரரு?"

இன்னொருத்தியோடு போய் ஏழு வருஷமான மனுஷன். ஆனாலும் அந்தப் பெயரை அடிக்க சந்தனமாரி இதுவரை விட்டதில்லை.

"அடிச்சிருங்க மேடம்."

"ஒங்க அண்ணன்?"

"வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுட்டான். அதையும் அடிங்க."

"பக்கத்து வீட்டு ராசாத்தி?"

"அவதான் சித்திரையில போயிச் சேந்துட்டாளே."

மூன்று பெயர்களின் மேலும் கோடு விழுந்தது.

"யோசிங்கக்கா. ஒரே ஒரு பேரு போதும். அங்க போயி எறங்குனதும், இன்ன எடத்துல இருக்கேன்னு யாருக்காச்சும் சொல்லுவீங்கல்லா? அந்த ஆளு பேரு."

சந்தனமாரி சாக்கின் வாயைக் கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். வெளியே ஹாரன்.

"எழுதுங்க. ஞானசெல்வி. மூணாம் மைலு, தண்ணித் தொட்டி பக்கத்துல."

அப்பாடா! பேனா பறந்தது.

ஞானசெ வரைக்கும் எழுதிவிட்டுத்தான் நின்றாள்.

அது அவளுடைய பெயர்.

வீடு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருப்பாள். எந்த வருஷம் என்று அவளுக்கே நினைவில்லை.

"அக்கா, எம் பேர இதுல எழுதக் கூடாது. கேள்வி கேக்க வர்ற ஆளு பேரு வரவே கூடாதுன்னு எங்களுக்கு ரூல்ஸு."

"போயிச் சேந்ததும் ஒங்களுக்குத்தான் கடுதாசி போடணும்னு இருந்தேன்." சந்தனமாரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேற யாருக்குப் போட?"

ஞானசெல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேள்வி கேட்கப் போன இடத்தில் அழக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அடக்கிக்கொண்டாள்.

மிச்ச எழுத்துகளை எழுதினாள். முகவரியை, பின்கோடு வரை முழுசாக எழுதினாள்.

அடுத்தது உறவு. பழகிப்போன வாய், தானாகக் கேட்டுவிட்டது.

"ஒறவு என்னன்னு போட?"

சந்தனமாரி சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"அத நீங்களே போட்டுக்கிடுங்க."

படியிறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கச்சி என்று எழுதினாள் ஞானசெல்வி. பக்கத்தின் அடியில், தகவல் சேகரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒரே தாளில் மேலேயும் கீழேயும் ஒரே பெயர். ஆபீசில் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

கேட்கட்டும். பதில் அவளிடம் இருக்கிறது.